முழுமையடைந்த வாடிக்கையாளர்

வண்டியிலிருந்து குழிக்குப் போகும் வழியில், ஆறு பேரில் ஒருவராக எல்ஃபாஸ் ஹடேபே தூக்கிக்கொண்டிருந்த சவப்பெட்டியின் கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. போதகர் பாட்டை இரண்டு கட்டை ஏற்றிப் பாடினார். மற்ற ஐந்து பேரும் எப்படியோ சமாளித்துக் கொண்டுபோய்விட்டார்கள். எல்ஃபாஸ் மட்டும் கைப்பிடியும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்து நடுவில் நின்றார்.

பித்தளை என்று பத்தொன்பது வருடமாக அவர் நம்பியிருந்த பொருள் அது. நகத்தால் சுரண்டினார். மஞ்சள் நகத்தோடு வந்தது. உள்ளே பிளாஸ்டிக்.

இறந்தவர் ரயில் எஞ்சின் ஓட்டுநர். எல்ஃபாஸ் ரயில் கார்டு. இருவருமே அமைதிக்கரை இறுதிப் பயண நிறுவனத்தின் ‘தூதுவர்’ திட்டத்தில் சேர்ந்தவர்கள். எங்கள் ஊரான புலவாயோவில் ரயில்வேக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அதில்தான் இருந்தார்கள். சம்பளத்தில் பிடித்தம், பிறகு ஓய்வூதியத்தில் பிடித்தம். வண்ணப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது: முக்வா என்ற விலை உயர்ந்த மரத்தில் பெட்டி, ஆறு பித்தளைக் கைப்பிடி, உள்ளே வெள்ளைப் பட்டு. கீழே அறுபது பேர் போகும் பேருந்து, கூடாரம், சோளமாவு மூட்டை. ஊரின் ஒரு பகுதியான லுவேவேயில் எங்கள் தெருவில் அந்தப் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியவர்கள்கூட உண்டு.

திங்கட்கிழமை காலையில் எல்ஃபாஸ் கைப்பிடியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அமைதிக்கரை அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்று, மார்பில் கை வைத்துத் தலை குனிந்தாள். அங்கே அது வழக்கம்.

“யாருக்காக வந்திருக்கீங்க தாத்தா?”

“எனக்காகத்தான் வந்திருக்கேன்.”

அவள் படிவத்தை எடுத்தாள். “நீங்க என்னைக்கு முழுமையடைஞ்சீங்க?”

“என்னது?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அதாவது தாத்தா... வேற வார்த்தை ஒண்ணு இருக்கு. அதை இங்க சொல்லக் கூடாது.”

“செத்துப்போறதா?”

அந்தப் பெண் கண்ணை இறுக மூடித் திறந்தாள். அந்தக் கட்டடத்தில் யாரும் சாவதில்லை. வாடிக்கையாளர்கள் இரண்டே வகை: வாழும் வாடிக்கையாளர், முழுமையடைந்த வாடிக்கையாளர். பிணவறைக்கு முழுமையடைந்தோர் வரவேற்பறை என்று பெயர்ப்பலகை. பெட்டிக்குப் பயணப் பேழை என்று பெயர். எல்ஃபாஸ் இன்னும் முழுமையடையாதவர் என்பதால் அவர் வாழும் வாடிக்கையாளர் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அது வியாழக்கிழமை மட்டும், பத்து முதல் பன்னிரண்டு வரை.

வியாழக்கிழமை போனார். அந்தப் பிரிவு பின்பக்கம், சவ வண்டிகளைக் கழுவும் இடத்துக்கு அடுத்த அறை. ட்ரைமோர் என்று ஓர் அதிகாரி. இன்னும் முயன்று பார் என்று அர்த்தம் வரும் பெயரைப் பெற்றவர்கள் வைத்ததற்கு ஏற்ப, முகத்தில் எப்போதும் ஒரு முயற்சி தெரியும்.

எல்ஃபாஸ் கைப்பிடியை மேஜை மேல் வைத்தார். “இது பித்தளையா தம்பி?”

“பித்தளைதான் தாத்தா. எங்க புத்தகத்துல பித்தளைங்கறது ஒரு நிறத்தோட பேரு. வெள்ளி, பித்தளை, செம்புன்னு மூணு நிறம் இருக்கு. உங்களுது பித்தளை.”

“அப்போ முக்வா மரம்?”

“அதுவும் நிறம்தான்.”

“அறுபது பேர் போற பஸ்?”

ட்ரைமோர் நேர்மையாக யோசித்தார். “பஸ் நிறம் இல்லை தாத்தா. பஸ் பஸ்தான். இருந்தா வரும்.”

“என் பெட்டியை நான் கண்ணால பார்க்கணும்.”

“கண்டிப்பா காட்டுவோம். முழுமையடைஞ்ச அன்னைக்குக் காட்டுறதுன்னு விதியிலேயே இருக்கு.”

“அன்னைக்கு நான் எப்படிப் பார்க்குறது?”

“அது உங்க வசதி தாத்தா. நாங்க காட்டிருவோம்.”

எல்ஃபாஸ் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மாகுமெதே இட்ஷ்வாலா என்ற சோளக்களியும் கீரையும் வைத்த தட்டை இரண்டு தடவை சூடுபண்ணிக் கொண்டுவந்தாள். பிறகு, “கைப்பிடி இல்லாட்டி என்ன, உங்களை நான் உருட்டியாவது கொண்டுபோய்ச் சேர்த்துடுறேன், முதல்ல சாப்பிடுங்க” என்றாள்.

அவருக்குக் கோபம் பிளாஸ்டிக்கின் மேல் அல்ல. முப்பத்தொரு வருடம் கார்டாக இருந்தவர். பச்சைக் கொடியைக் காட்டினால் வண்டி கிளம்பும், சிவப்பைக் காட்டினால் நிற்கும். ‘பச்சை என்பது ஒரு பெயர்தான்’ என்று ஒரே ஒரு நாள் அவர் சொல்லியிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திட்டத்தின் விதிப் புத்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஸெஃபானியா மசூகுவின் வீட்டுக்குப் போனார். ஸெஃபானியா சிக்னல்காரர். இரண்டு பேரும் ஒரே நாளில், ரயில்வே கேன்டீனில், ஒரே ஏஜென்டின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள். ஸெஃபானியாவின் மனைவி இறந்து ஆறு வருடம். கெஸிப் பக்கம் அவர் கிராமத்தில் அவளைப் புதைத்தபோதே பக்கத்தில் தனக்கும் இடம் விட்டு, யாரும் எடுத்துக்கொள்ளாதபடி நான்கு கல் நட்டுவைத்திருந்தார்.

எழுத்துகள் எறும்பு அளவு. இருவருக்கும் பிற்பகல் முழுவதும் போனது. இருபத்திரண்டாம் விதியில் எல்ஃபாஸின் கண்ணாடி நின்றது.

“கேளு. ‘வாடிக்கையாளர் எந்தக் கிளைக்கும் நேரில் வந்து சேர்ந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தூதுவர் பேழை தவறாது ஒப்படைக்கப்படும்.’”

“டேய், நேர்லன்னா செத்துப்போய் நேர்லடா.”

“அப்படி எழுதலையே.”

“எப்படி எழுதுவாங்க? அந்த வார்த்தையே அங்க கிடையாதுன்னு நீதானே சொன்னே?” என்றார் ஸெஃபானியா. சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸெஃபானியா சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை.

அடுத்த புதன்கிழமை எல்ஃபாஸ் கோட்டு போட்டுக்கொண்டு, மனைவியையும் சாட்சிக்கு ஸெஃபானியாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்கு நேரில் போய்ச் சேர்ந்தார். மணி பார்த்தார். ஒன்பது பத்து. அதை எழுதித் தரும்படி வரவேற்புப் பெண்ணிடம் கேட்டார்.

ட்ரைமோர் ஓடி வந்தார். விதியை மூன்று தடவை வாசித்தார். “தாத்தா, இதுல வந்து சேர்றதுன்னா... படுத்த நிலையில வந்து சேர்றது.”

“அவ்வளவுதானே?” என்று எல்ஃபாஸ் வருகையாளர் பெஞ்சில் நீட்டிப் படுத்தார். ஸெஃபானியா அவர் தொப்பியை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தார்.

அது நிறுவனத்தின் வாடிக்கையாளர் வாரம். பதினொரு மணிக்கு வானொலிக்காரர்கள் வருவதாக இருந்தது. தலைமை இயக்குநர் டாக்டர் ம்சிமாங்கா தலைநகர் ஹராரேயிலிருந்தே வந்திருந்தார். வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். பத்தரை மணிக்கு மாகுமெதேயின் தேவாலயப் பெண்கள் பதினாலு பேர் சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு வந்தார்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். படுத்திருக்கும் மனிதரைப் பார்த்ததும் அவர்களுக்குப் பாட்டு தானாக வந்தது. தெருவில் போனவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள், என்ன விஷயம் என்று தெரிந்ததும், பையிலிருந்த தங்கள் விதிப் புத்தகங்களை எடுத்து இருபத்திரண்டாம் விதியைத் தேட ஆரம்பித்தார்கள்.

“தாத்தா, எழுந்திருங்க, கெஞ்சிக் கேக்குறேன்” என்றார் ட்ரைமோர்.

“இன்னும் இருபத்திரண்டரை மணி நேரம் இருக்கு தம்பி. நீ உன் வேலையைப் பாரு.”

டாக்டர் ம்சிமாங்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு டாக்டர் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாவிட்டாலும், கூட்டத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளும் திறமை உண்டு. கிட்டங்கியில் என்ன பெட்டி இருக்கிறது என்று கேட்டார். தூள்பலகைப் பெட்டிகள்தான் இருந்தன. வானொலி வரப்போகிறது. ஊர் முழுவதுமே வாசலில் நிற்கிறது. உண்மையான முக்வா மரத்தில், உண்மையான பித்தளையில், அந்த நிறுவனத்திடம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. கண்ணாடி அலமாரியில், விளக்குக்குக் கீழே, பத்தொன்பது வருடமாக ஊர் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பெட்டி.

அதை நான்கு பேர் தூக்கி வந்து ரிப்பனுக்கு முன்னால் வைத்தார்கள். டாக்டர் ம்சிமாங்கா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“பெரியோர்களே! மற்ற நிறுவனங்கள் ஒரு மனிதர் முழுமையடைந்த பிறகுதான் அவரைப் பற்றிக் கவலைப்படுகின்றன. அமைதிக்கரை அப்படியல்ல. வாடிக்கையாளர் உயிரோடு இருக்கும் வரை மட்டுமே நாங்கள் அவரைப் பற்றிக் கவலைப்படுகிறோம்! ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் தவறாமல் அவரை நினைக்கிறோம். எங்கள் சேவையின் தரத்துக்கு என்ன சான்று என்று சிலர் கேட்கிறார்கள். முழுமையடைந்த ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களில் ஒருவராவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா? ஒருவரும் இல்லை. குறை சொல்பவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள்தான். அவர்களுக்கு இன்னும் எங்கள் சேவை கிடைக்கவில்லை என்பதே காரணம்!”

கை தட்டினார்கள். எல்ஃபாஸ் எழுந்து உட்கார்ந்து கைப்பிடிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஆறும் பித்தளை. மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு தகடு: தூதுவர், எண் ஒன்று. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

பெட்டி தள்ளுவண்டியில் லுவேவேக்கு வந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் அழுதுகொண்டு வெளியே வந்தோம். பின்னாலேயே எல்ஃபாஸ் நடந்து வந்ததைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

“படுக்கையறையில வைக்க விடமாட்டேன்” என்று மாகுமெதே சொல்லிவிட்டாள். கூடத்தில் சோபாவுக்கு எதிரே இடம் பார்த்தார்கள். அவள் பின்னிய பூத்துணியை அதன் மேல் விரித்து, தொலைக்காட்சிப் பெட்டியை வைத்தாள். முதல் இரண்டு ஞாயிறு வந்தவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஞாயிறு ஒருத்தி அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள். பிறகு யாருக்கும் அது நினைவில்லை.

“அடுத்த மாசம் நான் போய்ப் படுக்கப்போறேன்” என்று ஸெஃபானியா சொல்லிக்கொண்டிருந்தார். “ஆனா எனக்கு அந்தப் பெஞ்சு பத்தாது. சோபா போடச் சொல்லு.”

அவர் படுத்தது மத்திய ஆஸ்பத்திரியில். நெஞ்சில் சளி என்றார்கள். நாலாம் நாள் விடிகாலையில் போய்விட்டார்.

அமைதிக்கரையின் வண்டி முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. அந்த ஒரு வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. உடல் அவர்களிடம் போய்விட்டால் குடும்பம் வேறு எங்கும் போகாது அல்லவா.

ஸெஃபானியாவின் ஒரே மகள் சிபோங்கிலே பிளம்ட்ரீயில் பள்ளி ஆசிரியை. கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அடுத்த பேருந்தில் வந்து இறங்கினாள். எல்ஃபாஸ் அவளோடு போனார்.

ட்ரைமோர் மார்பில் கை வைத்துக் குனிந்தார். “உங்க அப்பாவோட திட்டம் உயர்த்தப்பட்டிருக்கும்மா. தூதுவர்லேர்ந்து சுடர் திட்டத்துக்கு.”

“சுடர்னா?”

“தகனம். சாம்பலை அழகான ஜாடியில போட்டுக் கொடுத்துருவோம். நீங்க மடியில வச்சே கொண்டுபோகலாம். அதனால பஸ்ஸும் தேவைப்படாது. கூட்டமும் வேண்டாம்கறதால கூடாரமும் தேவைப்படாது. உங்களுக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம் பாருங்க.”

எரிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் இந்தியர்கள் காலங்காலமாக எரிக்கிறார்கள், அவர்கள் சாமிக்கும் அது சம்மதம். ஆனால் ஸெஃபானியா கேட்டது அது இல்லை.

“எங்க அம்மா பக்கத்துல நாலு கல்லு நட்டு வச்சிருக்காரு,” என்றாள் சிபோங்கிலே. “அந்த இடத்துல ஜாடியை வைக்கச் சொல்றீங்களா? என் சித்தப்பாமாரு என்னை ஊருக்குள்ள விடுவாங்களா? யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

“அறிவிப்பு ஒட்டினோம்மா. முப்பது நாள் ஒட்டியிருந்துச்சு. ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்னு போட்டிருந்தோம். யாரும் சொல்லலை.”

“எங்க ஒட்டினீங்க?” என்றார் எல்ஃபாஸ்.

ட்ரைமோர் தரையைப் பார்த்தார். “முழுமையடைந்தோர் வரவேற்பறையில.”

பின்னால் யாரோ சவ வண்டியைக் கழுவும் சத்தம் கேட்டது.

“எனக்கு இதெல்லாம் எழுதி வர்றதுதான் தாத்தா,” என்று ட்ரைமோர் மெல்லச் சொன்னார். “தூதுவர் பெட்டின்னு நிஜமா இருந்ததே ஒண்ணுதான். அதை உங்களுக்குக் கொடுத்தாச்சு. உங்களுக்குக் கொடுத்த பிறகுதான் விதியையே மாத்தினாங்க.”

அவர் சமாதானமாகத்தான் சொன்னார். எல்ஃபாஸுக்கு அது நெஞ்சில் இறங்கியது. படுத்து வாங்கிய பெட்டி. சாட்சிக்கு நின்ற ஸெஃபானியா.

“உடம்பைக் கொடுங்க. நாங்களே புதைச்சுக்கறோம்” என்றாள் சிபோங்கிலே.

“நிறுவனத்தோட பேழையில வச்சுத்தான் வெளிய அனுப்பலாம். அது விதி.”

“என் வீட்ல இருக்கறது யாரோட பேழை?” என்று கேட்டார் எல்ஃபாஸ்.

ட்ரைமோர் தொலைபேசியை எடுத்து மேலே கேட்டார். மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே கேட்டார்கள். விதியில் தடை இல்லை என்று பதில் வந்தது.

எல்ஃபாஸ் வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றார். பூத்துணி விரித்த பெட்டியையே பார்த்தார். மாகுமெதே அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்த் தொலைக்காட்சியைத் தூக்கித் தரையில் வைத்தாள். பூத்துணியை மடித்தாள்.

“அவருக்குச் சரியா இருக்குமா? உங்களைவிட உயரமாச்சே” என்று மட்டும் கேட்டாள்.

“முழங்காலை மடக்கிக்குவான். சிக்னல் கூண்டுல அப்படித்தான் தூங்குவான்” என்றார் எல்ஃபாஸ். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

ட்ரைமோர் தகட்டின் எண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு உடலைக் கொடுத்தார். எங்கள் தெருச் செங்கல் சூளைக்காரர் லாரி கொடுத்தார். கூடாரத்துக்குப் பதில் தேவாலயத்துத் தார்ப்பாய். மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் எந்தெந்த வீட்டிலிருந்து வந்தன என்று கேட்டால் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. லாரியில் அறுபது பேருக்குமேல் ஏறியிருந்தோம். கெஸியில் நான்கு கல்லுக்கு நடுவில் ஸெஃபானியாவை இறக்கும்போது ஆறு கைப்பிடியும் உறுதியாக நின்றன. எல்ஃபாஸ் கடைசி வரை கையை எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, எல்ஃபாஸ் முற்றத்தில் கோழிகளுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தார். அமைதிக்கரை வண்டி வந்து நின்றது. ஊதா அங்கி போட்ட பாடகர்கள் எட்டுப் பேர் இறங்கினார்கள். பின்னால் ட்ரைமோர், கையில் பெரிய மலர் வளையத்தோடு. அதன் குறுக்கே பட்டு நாடாவில் எழுதியிருந்தது: எல்ஃபாஸ் ஹடேபே, முழுமையடைந்தார்.

ட்ரைமோர் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“வா தம்பி. யாரைப் பார்க்கணும்?”

“உங்க... விதவையை.”

“மாகுமெதே! உன்னைத்தான் தேடி வந்திருக்காங்க” என்று எல்ஃபாஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

விஷயம் இதுதான். எண் ஒன்று பேழை மண்ணுக்குள் போய்விட்டது. அது எல்ஃபாஸ் ஹடேபேயின் பேழை. ஆகவே எல்ஃபாஸ் ஹடேபே மண்ணுக்குள் போய்விட்டார். கோப்பு மூடப்பட்டது. ஸெஃபானியாவின் பெயரில் எந்தப் பேழையும் செலவாகவில்லை. ஆகவே அவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

“இதைத் திருத்த முடியாதா?”

“முடியும் தாத்தா. வாழும் வாடிக்கையாளர் பிரிவுல வந்து சொல்லணும். ஆனா நீங்க வாழும் வாடிக்கையாளர் இல்லையே. உங்களை உள்ள விட எனக்கு அதிகாரம் கிடையாது.”

“பிடித்தம்?”

“அது நின்னுடும்.”

எல்ஃபாஸ் கையில் மீதியிருந்த சோளத்தைக் கோழிகளுக்கு வீசினார். “அப்போ பாடச் சொல்லு” என்றார்.

நன்றாகவே பாடினார்கள். நாங்களெல்லாம் வேலியோரம் நின்று கேட்டோம். மறைந்தவரைப் பற்றிக் குடும்பத்தார் ஒருவர் சில வார்த்தை சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மாகுமெதேக்குச் சிரிப்பை அடக்க முடியாததால் எல்ஃபாஸே தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

“நல்ல மனுஷன். கொஞ்சம் பிடிவாதம். அவனுக்கு இருந்த ஒரே நல்ல பொருளை அவன் சிநேகிதன் வாங்கிட்டுப் போயிட்டான். அதுல அவனுக்கு வருத்தம் இல்லை.”

பாடகர்களுக்கு மாகுமெதே தேநீரும் ரொட்டியும் கொடுத்தாள். துக்க வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் வழக்கம் இல்லை. கிளம்பும்போது ட்ரைமோர் ஒரு படிவத்தை நீட்டினார். சேவை திருப்தி என்று விதவை கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டாள். சாட்சிக் கையெழுத்து வாழும் வாடிக்கையாளர் ஒருவருடையதாக இருக்க வேண்டும்.

“உங்க கோப்புல சாட்சின்னு பதிவாகியிருக்கற வாழும் வாடிக்கையாளர் ஸெஃபானியா மசூகு மட்டும்தான்” என்றார் ட்ரைமோர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“கொடு, அவனுக்காக நான் போடுறேன். எனக்காக அவன் சாட்சிக்கு வந்தவன்தானே” என்று எல்ஃபாஸ் பேனாவை வாங்கி, ஸெஃபானியாவின் பெயரை நிதானமாக எழுதிக் கொடுத்தார்.

வண்டி தெரு முனையில் திரும்பி மறைந்தது. மாகுமெதே காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “நாளைக்கு நிஜமாவே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவங்க வருவாங்களா?”

“எப்படி வருவாங்க?” என்றார் எல்ஃபாஸ், சிதறிய சோளத்தைக் காலால் கோழிப் பக்கம் தள்ளியபடி. “அதான் வந்துட்டுப் போயிட்டாங்களே.”